ஒன்பதாம் எண் ஜெர்சி

"அப்ப பன்னெண்டு பேரோட சர்ட்டிபிகேட்டும் போனா போவட்டுங்கிற. அதான?"

"நான் எப்ப அப்பிடிச் சொன்னேன்? நடந்தத நடந்தபடி சொல்லலாம்னுதான் சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் புள்ள."

"எப்பிடிக்கா ஒண்ணாவும்?"

கேட்டவள் பூவிழி. எதிரே உட்கார்ந்து புல்லைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தவள் அணித்தலைவி அன்பரசி. இருவருக்கும் நான்கு மாதம்தான் வித்தியாசம். ஆனாலும் தன்னை அக்கா என்று கூப்பிடாதவளுக்கு அன்பரசி பந்தைப் பாஸ் செய்யமாட்டாள் என்று அணியில் ஒரு கேலி உண்டு.

இண்டூருக்கு வெளியே ஏரியை ஒட்டிய மைதானம். மாலை ஐந்து மணி ஆகியும் வெயில் இறங்கவில்லை. பயிற்சி முடிந்து பன்னிரண்டு பெண்களும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பந்து கிடந்தது. வட்டத்துக்கு வெளியே, கையில் செல்போனோடு, நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் ஆரோக்கியராஜ் சார் நின்றுகொண்டிருந்தார். அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரம் டயர் கடை வைத்திருப்பவர். சென்னையில் கல்லூரி படித்தபோது ரக்பி ஆடியவர். தேய்ந்த லாரி டயர்களை நிற்கவைத்து, அவற்றின் மேல் பாயச் சொல்லித்தான் இந்தப் பெண்களுக்கு எதிராளியைப் பாய்ந்து வீழ்த்தும் டாக்கிலைப் பழக்கினார். முதல் மாதம் யாருடைய தோளிலும் தோல் இல்லை.

அவருடைய போனில் அன்று மதியம் வந்த செய்திதான் இத்தனை பேச்சுக்கும் காரணம். பதினெட்டு வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்கள் அணிக்கான முகாமுக்குத் தர்மபுரி மாவட்டத்திலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். 'ஒன்பதாம் எண், சுசித்ரா. இறுதிப்போட்டியின் இரண்டாம் பாதியில் மூன்று ட்ரை. சிறப்பான இடதுகால் ஸ்டெப். நாளை காலை பத்து மணிக்குள் சம்மதமும் ஆவணங்களும் அனுப்பவும்.'

செய்தியில் ஒரு பிழையும் இல்லை. ஒன்பதாம் எண் சுசித்ராவுடையதுதான். அணிப்பட்டியலில் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மூன்று ட்ரையும் உண்மை. எதிரணியின் கோட்டைத் தாண்டி மூன்று முறை பந்து தரையில் வைக்கப்பட்டது உண்மை. அந்த ஸ்டெப்பும் உண்மை. ஆனால் அதையெல்லாம் செய்த கால்கள் பூவிழியுடையவை.

சேலத்தில் நடந்த மாநில இறுதிப்போட்டி அது. முதல் பாதி முடியும்போது கோடைமழை பிடித்துக்கொண்டது. இடைவேளை இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் சுசித்ரா வந்து பூவிழியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தகரக் கொட்டகைக்குப் பின்னால் போனாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "நாளு தப்பி வந்திருச்சுடி" என்றாள். அணிக்கு வெள்ளைக் கால்சட்டை. பின்பக்கம் திரும்பிக் காட்டினாள். மைதானத்தைச் சுற்றி ஆண்கள், கூடாரத்துக்குள் தேர்வாளர்கள், எங்கு பார்த்தாலும் செல்போன்கள்.

பூவிழி யோசிக்கவில்லை. அவளுடைய நான்காம் எண் ஜெர்சி அளவு தவறி வந்த ஒன்று; பாதித் தொடை வரை தொங்கும். அணியில் அதற்கு நைட்டி என்று பெயர். அதைக் கழற்றிச் சுசித்ராவிடம் கொடுத்துவிட்டு அவளுடைய ஒன்பதை மாட்டிக்கொண்டாள். விசில் ஊதிவிட்டார்கள். இரண்டு பேரும் மழைக்குள் ஓடினார்கள்.

அதன்பிறகு நடந்தது பூவிழிக்கே விசித்திரமாக இருந்தது. இரண்டு வருடமாக அந்த நைட்டியை இழுத்துக்கொண்டு ஓடிப் பழகியவளுக்கு, உடம்போடு ஒட்டிய ஜெர்சியில் தன் உடம்பு இவ்வளவுதானா என்று இருந்தது. பந்து கைக்கு வந்ததும் எதிரே வந்த பெண்ணின் கண்களைப் பார்த்தாள். இடதுகாலை ஊன்றினாள். அந்தப் பெண் ஒருபக்கம் விழுந்தாள், பூவிழி மறுபக்கம் போய்க்கொண்டிருந்தாள். மூன்று முறை. சேற்றில் எல்லா முகமும் ஒரே முகமாக இருந்தது. கூடாரத்துக்குள் இருந்தவர்கள் முகத்தை எழுதவில்லை, எண்ணை எழுதினார்கள்.

கோப்பையை வாங்கிய களிப்பில் ஜெர்சி மாறியதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. இன்று மதியம் வரை.

"சார், நீங்க பாத்தீங்கதான?" என்று பூவிழி திரும்பிக் கேட்டாள்.

சார் போனை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "பாத்தேன்ம்மா. ரெண்டாவது ட்ரை போடறப்பவே பாத்துட்டேன். என்னடா இது, ஒம்போது இப்பிடி ஓடுதுன்னு உத்துப் பாத்தா நீ."

"அப்ப அத அவங்களுக்குச் சொல்லுங்க சார்."

"என்னன்னு சொல்றது? எங்க புள்ளைங்க நடுவர்கிட்ட சொல்லாம ஜெர்சிய மாத்திக்கிட்டாங்க, பயிற்சியாளர் நானும் பாத்துக்கிட்டுச் சும்மா நின்னேன்னா? விதியில இடமில்லம்மா. கப்பத் திருப்பிக் கேப்பாங்க. சர்ட்டிபிகேட்டு செல்லாதும்பாங்க. ரெண்டு வருசம் ஆடக்கூடாதுன்னுகூடச் சொல்லலாம்."

"சொல்லலாம்ங்கிறீங்க. சொல்லுவாங்கன்னு தெரியுமா சார்?"

"தெரியாது. அதான் பயமா இருக்குது."

வட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அந்தச் சான்றிதழ் ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு கதவு. அன்பரசி விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டு முடித்துவிட்டாள். அவளுக்கு மதிப்பெண் கம்மி. அந்த ஒரு தாள்தான் தெம்பு. மற்றவர்களும் அப்படியே. பூவிழிக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தும் தன் பங்குக்கு ஒரு கணக்கு இருந்தது. ஆகஸ்டில் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. அடுத்த வருடம் இந்த முகாம் அவளுக்குக் கிடையாது. "இந்தத் தடவ எடுத்தாங்கன்னா போ. இல்லீனா ஓசூர் கம்பெனிக்குப் போயிடணும். அதுக்கு மேல பந்து கிந்துன்னு பேசப்படாது" என்று அவளுடைய அப்பா தீர்த்தகிரி சொல்லியிருந்தார். அவர் கோபக்காரர் இல்லை. சொன்னதைச் செய்கிறவர், அவ்வளவுதான். கம்பெனி பஸ் காலை நாலரைக்கு ஊருக்குள் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். அதில் ஏறிய யாரும் திரும்பி மைதானத்துக்கு வந்ததாக அவளுக்குத் தெரியவில்லை.

"சரி, நான் ஒண்ணு கேக்கறேன்" என்று அன்பரசி முட்டிபோட்டு உட்கார்ந்தாள். "மாத்திக்கிட்டது யாரோட ஐடியா? அத மொதல்ல சொல்லுங்க. யாரு தப்பு பண்ணாங்களோ அவங்கதான விட்டுக்குடுக்கணும்."

"தப்பு இல்லக்கா. ஒரு அவசரம்" என்றாள் பூவிழி.

"என்ன அவசரம்?"

"அவசரம்."

"ஜெர்சியில என்ன புள்ள அவசரம்? தீப்புடிச்சிருச்சா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பூவிழி சுசித்ராவைப் பார்த்தாள். சுசித்ரா வட்டத்தில் அவளுக்கு நேர் எதிரே, முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அடிபட்டால் இரண்டு பேரும் ஒரே ஐஸ் கட்டியை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வார்கள். அவள் சொல்லிவிடுவாள் என்று பூவிழி காத்திருந்தாள். சார் நிற்கிறார், முழுதாகச் சொல்ல வேண்டாம். 'எனக்காகத்தான் மாத்துனா' என்று இரண்டு சொல் போதும். பெண்களுக்குப் புரிந்துவிடும்.

சுசித்ரா தலையைத் தூக்கினாள். பூவிழியைப் பார்க்கவில்லை. அன்பரசியைப் பார்த்துச் சொன்னாள்.

"அவதாங்க்கா கேட்டா. ஒம்போது ராசியான நம்பரு, ரெண்டாவது ஹாஃபுக்குக் குடுடின்னா. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்."

பூவிழிக்கு முதலில் அது யாரைப் பற்றிய பேச்சு என்றே விளங்கவில்லை. வேறு யாரோ ஒரு பெண், ராசி பார்க்கிற ஒரு பெண், வேறு ஊரில் எங்கோ அப்படிக் கேட்டிருக்கிறாள் என்பது போல இருந்தது. டாக்கில் முன்னாலிருந்து வந்தால் உடம்பு தானாக இறுகிக்கொள்ளும். பக்கத்திலிருந்து வந்தாலும் கடைசி நொடியில் தெரியும். கூட ஓடிவருகிறவளே காலை இடறிவிட்டால் என்ன செய்வது என்று சார் பழக்கியதில்லை.

"பொய்" என்றாள்.

"அப்ப உண்மை என்னன்னு நீ சொல்லு" என்றாள் அன்பரசி.

சொல்லலாம். ஒரே ஒரு வாக்கியம். ஆனால் சார் மூன்றடி தள்ளி நிற்கிறார். ஏரிக்கரையில் மாடு மேய்க்கிற கோவிந்தன் மாமா இந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நிற்கிறார். அன்று கொட்டகைக்குப் பின்னால் யாருக்கும் தெரியக்கூடாது என்று மூடியதை, இன்று தனக்கு இடம் வேண்டும் என்பதற்காக நடுமைதானத்தில் விரித்துக் காட்டுவதா? சுசித்ராவுக்கு இது தெரிந்திருந்தது. பூவிழி சொல்லமாட்டாள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த நம்பிக்கையில்தான் அவள் பொய் சொன்னாள். மூன்று ட்ரையை விட, முகாமை விட, அதுதான் பூவிழியைச் சுட்டது.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

"பாத்தியா" என்று அன்பரசி வட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தாள்.

கடைசியில் இருந்த பாரதி மட்டும், "எப்பிடி இருந்தாலும் ஓடுனது பூவிழிதானங்கக்கா" என்றாள். அவள் பத்தாவது படிக்கிறவள், போட்டியில் ஒரு நிமிடம்கூட இறங்காதவள்.

"உனக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்குது, நீ பேசுவ" என்று ஒருத்தி அவள் தலையில் தட்டினாள்.

சார் தொண்டையைச் செருமினார். "நான் ஒருத்தியச் சொன்னா இன்னொருத்தி வூட்ல என்னைய ஏசுவாங்க. எப்பவும் பண்ற மாதிரி பண்ணிரலாம். பந்து சொல்லட்டும்."

அந்த அணியில் எதையும் கைதூக்கி முடிவு செய்வதில்லை. முதல் வருடம் அப்படிக் கைதூக்கித் தலைவி தேர்ந்தெடுக்கப் போய், யார் தூக்கினாள் யார் தூக்கவில்லை என்று பத்து நாள் பேச்சுவார்த்தை நின்றுபோனது. அதிலிருந்து பந்து. எல்லோரும் எழுந்து வட்டமாக நிற்க வேண்டும். யார் வேண்டுமோ அவள் கைக்கு ஒவ்வொருத்தியும் எறிய வேண்டும். பிடித்தவள் அடுத்தவளுக்குத் திருப்பித் தர வேண்டும். எல்லோரும் எறிந்து முடித்ததும், போட்டியில் நிற்கிற இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஒரு தடவை எறிந்துகொள்வார்கள். அது எண்ணிக்கையில் சேராது. அன்பரசியும் பூவிழியும் தலைவிப் பதவிக்கு நின்ற வருடம் அப்படித்தான் எறிந்துகொண்டார்கள். தோற்ற பூவிழி சிரித்துக்கொண்டே பிடித்தாள்.

"சார், நீங்க சொல்ல வேண்டியத எதுக்கு பந்துகிட்ட குடுக்குறீங்க?" என்று பூவிழி கேட்டாள்.

"எல்லாருக்கும் சம்பந்தப்பட்டதாச்சேம்மா."

"உன்னைய இந்தியா ஜெர்சியில பாக்காம விடமாட்டேன்னு எங்கப்பா முன்னால சொன்னீங்க."

"சொன்னேன்தான்" என்றார் சார். குனிந்து பந்தை எடுத்து அன்பரசியிடம் கொடுத்தார்.

அன்பரசி இரண்டு கையிலும் பந்தைப் பிடித்தாள். "மனசுல வெச்சுக்காத புள்ள" என்றாள். எறிந்தாள். பந்து சுசித்ராவிடம் போனது.

அடுத்தவளும் சுசித்ராவுக்கு. அடுத்தவளும். யாரும் பூவிழியின் முகத்தைப் பார்த்து எறியவில்லை. எல்லோருக்கும் திடீரென்று பந்தின் தையலைப் பார்க்க வேண்டியிருந்தது. ஐந்தாவது ஆள் எறிந்தபோது பூவிழி எண்ணுவதை விட்டுவிட்டாள். பந்து காற்றில் போகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பாரதியின் முறை வந்தபோது மட்டும் அது தன் பக்கம் வந்தது. அந்தச் சின்னப் பெண் கோபத்தில் ஓங்கி எறிந்ததில் நெஞ்சில் பட்டு வலித்தது.

பத்தில் ஒன்பது. கணக்கு முடிந்தது.

பந்து பூவிழி கையில் இருந்தது. அவள் அதைக் கீழே போட்டுவிட்டு நடந்திருக்கலாம். ஆனால் அணியில் ஒரு வழக்கம் இருக்கிறது. அதை அவள் உடைக்க விரும்பவில்லை. சுசித்ராவுக்கு எறிந்தாள். நல்ல பாஸ், மார்புக்கு நேராக. சுசித்ரா பிடித்தாள். பூவிழி கைகளை நீட்டிக்கொண்டு நின்றாள். இனி அவள் எறிய வேண்டும். எண்ணிக்கையில் சேராத பாஸ். யாருக்கும் எந்த நட்டமும் இல்லாத ஒரே ஒரு பாஸ்.

சுசித்ரா பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். எறியவில்லை. எறிந்தால் ஏதோ ஒன்றை ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் என்று பயந்தவளைப் போல, எதிராளிகள் கூட்டமாக வந்து பிடுங்கும்போது பிடித்துக்கொள்வதுபோல, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

பூவிழியின் கைகள் கொஞ்ச நேரம் அப்படியே நீண்டிருந்தன. பிறகு அவளே அவற்றைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

சார் போனில் சம்மதம் என்று தட்டி அனுப்பினார். யாரோ கைதட்டத் தொடங்கி, சேர்ந்து தட்ட ஆளில்லாமல் நிறுத்தினார்கள்.

வீட்டில் அம்மா அமுதவல்லி முகத்தைப் பார்த்தே தட்டை வைத்தாள். அப்பாதான் கேட்டார். "சுசித்ரா பேரு வந்திருக்குதுப்பா" என்றாள் பூவிழி. வந்திருப்பது அந்தப் பேர்தான், அதில் பொய் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். "நல்ல புள்ள, அதுவாச்சும் போவட்டும்" என்றார் தீர்த்தகிரி. களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்துக்கொண்டே, "அப்ப கம்பெனிக்கு ஆளு சேக்கற மாதுகிட்டச் சொல்லிப் பேர் குடுத்திரட்டுமா?" என்று கேட்டார். அவர் குரலில் வெற்றியும் இல்லை, வருத்தமும் இல்லை. பூவிழி சரியென்று தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலை சாமந்தி பறிக்கிற நாள். வெயில் ஏறுவதற்குள் பறித்துக் கோணிப்பையில் கட்டித் தர்மபுரி வண்டிக்கு ஏற்ற வேண்டும். அம்மா இரண்டு வரிசை தள்ளி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பூவிழி மடியைக் கட்டிக்கொண்டு குனிந்து பறித்தாள். விரல்கள் தாமாக வேலை செய்தன. தலைக்குள் மட்டும் அந்த ஒரு வாக்கியம் ஓடிக்கொண்டே இருந்தது. அவதாங்க்கா கேட்டா. எத்தனை சுலபமாக வந்தது அது. முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தாளா, இல்லை அந்த நொடியில் வாயில் வந்ததா? எது என்று தெரிந்தால் கொஞ்சம் தேவலை போல இருந்தது. எது தேவலை என்றுதான் தெரியவில்லை.

வரப்பில் டிவிஎஸ் வண்டி நிற்கிற சத்தம் கேட்டது. பூவிழி நிமிரவில்லை. அந்த வண்டியின் சத்தம் அவளுக்குத் தெரியும். ஆறு வருடம் அதன் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

சுசித்ரா வரிசைக்குள் இறங்கி வந்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"பேப்பரெல்லாம் சார் அனுப்பிட்டாரு" என்றாள்.

பூவிழி பறித்துக்கொண்டிருந்தாள்.

"ஏசுடி. எதுனா சொல்லு."

"பூவ மிதிக்காத. எட்டி நில்லு."

சுசித்ரா எட்டி நின்றாள். அம்மா தூரத்தில் திரும்பிப் பார்த்தாள், "சுசியா? இரு கண்ணு, டீ குடிச்சிட்டுப் போலாம்" என்று குரல் கொடுத்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

"அன்னைக்கு நீ குடுக்கலன்னா நான் அங்கியே செத்திருப்பேன். தெரியும்" என்றாள் சுசித்ரா. "நேத்து சொல்லணும்னுதான் வாயத் தொறந்தேன். சத்தியமா. அப்புறம் அந்த மெசேஜ்ல என் பேரு இருந்தது ஞாபகம் வந்துருச்சு. இந்தியான்னு போட்டு, பக்கத்துல என் பேரு. எனக்கும் வேணும்னு இருந்துச்சு. அவ்ளோதான். வேற ஒண்ணும் இல்ல."

வேறு ஏதாவது இருந்திருக்கலாம். வீட்டில் அடித்தார்கள், மிரட்டினார்கள், கல்யாணம் பேசிவிட்டார்கள் என்று ஏதாவது. பூவிழி தன்னையறியாமல் அப்படி ஒன்றுக்காகக் காத்திருந்தாள். இப்படி வெறுமனே வேண்டும் என்று இருந்ததை வைத்துக்கொண்டு ஒருத்தியை எப்படி மன்னிப்பது, எப்படி வெறுப்பது? தனக்கும் அதேதானே இருந்தது.

"சரி, கெடைச்சிருச்சில்ல. போ" என்றாள்.

சுசித்ரா போகவில்லை. செருப்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"நேத்து ராத்திரி ஒரு அம்மா போன் பண்ணாங்க. முகாம்ல பயிற்சி குடுக்கறவங்க. ரொம்ப நல்லாப் பேசுனாங்க. என்ன சொன்னாங்கன்னா..." நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள். "மொத நாளே எல்லாருக்கும் முன்னால அந்த ஸ்டெப்ப நீதான் செஞ்சு காட்டணும்னாங்க. அத வெச்சுத்தான் உன்னைய எடுத்தோம், மத்தவங்க உன்கிட்ட கத்துக்கட்டும்னாங்க."

பூவிழி இப்போது நிமிர்ந்தாள். மடியில் இருந்த பூக்களில் கொஞ்சம் தரையில் கொட்டின. அவற்றைப் பொறுக்கவில்லை. சுசித்ராவின் கால்களைப் பார்த்தாள். அந்த இடதுகாலுக்கு எப்போதும் திரும்புவதற்கு முன்பே திரும்பப்போவதைக் காட்டிக்கொடுக்கிற பழக்கம் உண்டு. சார் நூறு தடவை சொல்லியும் போகவில்லை.

"அப்பலேருந்து ராத்திரி பூரா வூட்டுக்குப் பின்னால செஞ்சு பாத்தேன். எனக்கு வரமாட்டேங்குது" என்றாள் சுசித்ரா. அழவில்லை. கணக்கு வாத்தியாரிடம் கேட்பதுபோல நேராகக் கேட்டாள். "இன்னும் பத்து நாள் இருக்குது பூவு. காத்தால ஒரு மணி நேரம் போதும், நானே வண்டியில வந்து கூட்டிட்டுப் போறேன். அத எப்பிடி நீ போடறன்னு எனக்குச் சொல்லிக் குடுக்கறியா?"